தடைக்காலத்தில் படகு ஏசி: கூலன்ட்டா, வாரம் ஒரு ஓட்டமா, காலிக் குழாயா?

கடல்நீரால் குளிரும் படகு ஏசியோடு வரும் கையேட்டில், குளிர்காலத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும், குழாய்க்குள் உறைந்தால், ஏசி வாயுவைக் கடல்நீரால் குளிர்விக்கும் கன்டென்ஸர் சுருளே பிளந்துவிடும், அதனால் உறையாத கூலன்ட்டை நிரப்பி வையுங்கள் என்று சொல்வார்கள். பனி விழும் ஊர்களுக்கு எழுதியது. நாகப்பட்டினத்தில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். இங்கே படகு நீளமாகச் சும்மா கிடப்பது சித்திரை, வைகாசியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு 45 நாள்தான் இருந்தது. ஆக, நம் ஏசிக்குப் பகை பனிக்கட்டி இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில் குழாய்க்குள் தேங்கி நிற்கும் உப்புத் தண்ணீர்தான்.

தேங்கிய கடல்நீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் சில நாளில் செத்து அழுகும். முட்டை அழுகிய நாற்றம் வந்தால் உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிவிட்டது என்று பொருள். கன்டென்ஸர் குழாய்கள் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்தவை. ஓடுகிற கடல்நீரை நன்றாகத் தாங்கும் அந்த உலோகத்தை சல்ஃபைடு அரித்துவிடும். கடல்நீர் உள்ளே வரும் வால்வு திறந்தே கிடந்தால் சிப்பிக் குஞ்சுகளும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஒரு டன் ஏசிக்கு நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் கடல்நீர் ஓட வேண்டும். வழி குறுகினால் வாயு அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் தானே நின்றுவிடும்.

கையேடு சொல்கிறபடி கூலன்ட் ஊற்றினால் என்ன? அரிப்பைத் தடுக்கும் மருந்து அதிலேயே இருப்பதும், ஒரு முறை நிரப்பிவிட்டால் மறந்துவிடலாம் என்பதும் நல்ல அம்சங்கள். ஆனால் படகுக்கு உகந்தது நச்சு குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால். நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது கார், லாரிக்கான எத்திலீன் கிளைக்கால், அது விஷம். தடை முடிந்து பம்பை ஓட்டியதும் அத்தனையும் கடுவையாற்றில்தான் கொட்டும். நாம் மீன் இறக்குகிற தண்ணீர் அது. இன்னொன்று, சரியான கூலன்ட்டே கிடைத்தாலும் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போனால், 20 சதவீதத்துக்குக் கீழே அது பாக்டீரியாவுக்குத் தீனி. நம் வெயிலுக்குக் கொழகொழவென்று சளி கட்டிவிடும். இல்லாத பனிக்காகக் காசைக் கொட்டி இந்த வம்பு எதற்கு?

வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஏசியை ஓட்டிவிடலாம் என்பது அடுத்த கட்சி. துறைமுகத்தில் அதிகம் கேட்பதும் இதைத்தான். பம்பும் கம்ப்ரஸரும் இறுகாது, உள்ளே இருக்கும் காற்றும் ஈரம் குறையும். கரை மின்சாரம் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர் டீசல் செலவாகும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது தண்ணீர்தான். தடைக்காலத்தில் படகுகள் தோளோடு தோள் நிற்கும். சேறும் டீசல் படலமும் பிளாஸ்டிக் பையும் மிதக்கிற அந்தத் தண்ணீரை வாரந்தோறும் உறிஞ்சி உள்ளே நிறுத்திவைக்கிறோம். வடிகட்டியை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவுகிற ஆள் இருந்தால் சரி. தடைக்காலத்தில் படகை ஓட்டும் ஸ்ராங்கு ஊருக்குப் போய்விடுவார், படகில் காவலுக்கு மட்டும் ஒருவர் இருப்பார். அவர் தலையில் இதைக் கட்டுவது நியாயமில்லை. படகைக் கரையேற்றி பெயின்ட் அடிப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது.

61 நாளுக்கு என் ஓட்டு கழுவி, வடித்து, காலியாக வைப்பதற்கே. கடல்நீர் வால்வை மூடி, வடிகட்டியிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு நல்ல தண்ணீர் டிரம்மில் விட வேண்டும். இந்த பம்புகள் தாமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளாதவை என்பதால் டிரம் பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு பம்பை மட்டும் ஓட்டுங்கள். வெளியே வரும் தண்ணீரில் உப்புச் சுவை போகும்வரை போதும். எந்தத் தண்ணீர் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத்தான், அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்றே. குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். உள்ளே சுண்ணாம்புப் படிவு தெரிந்தால் எலுமிச்சை உப்பை நீர்க்கக் கரைத்துச் சிறிது நேரம் சுழலவிட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் அலசலாம். கக்கூஸ் ஆசிட்டை ஊற்றும் கைவைத்தியம் வேண்டாம், சிப்பியோடு உலோகத்தையும் தின்றுவிடும். பிறகு தாழ்வான இணைப்புகளைக் கழற்றி வடித்து, மெதுவான காற்றால் ஊதிவிட வேண்டும். பாதி வடித்து விடுவதில் பலன் இல்லை. வளைவில் நிற்கும் இரண்டு கிளாஸ் தண்ணீரே போதும், நாற்றம் பிடிக்க.

காற்று வருகிற பக்கத்தை எந்த வழியிலும் விட்டுவிட முடியாது. ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, சொட்டுத் தண்ணீர் தட்டைத் துடைத்துவிடுங்கள். வீட்டு ஸ்பிளிட் ஏசியை வீல் ஹவுஸில் (படகை ஓட்டும் அறையில்) மாட்டி, வெளி யூனிட்டைக் கூரைமேல் வைத்தவர்களுக்கு கடல்நீர்த் தொல்லையே இல்லை, ஆனால் உப்புக்காற்றில் அலுமினியத் தகடு பொடிந்து உதிரும். அதை நல்ல தண்ணீரால் அடிக்கடி அலசுவதே வேலை.

ஐப்பசி, கார்த்திகை கணக்கு வேறு. புயல் எச்சரிக்கைக்குப் படகு நாலு நாள் நிற்கும், வெயிலடித்தால் மறுநாளே தொழிலுக்குப் போகும். அதற்குப் போய்க் குழாயைக் கழற்றி வடித்துக்கொண்டிருக்க முடியாது. நல்ல தண்ணீரால் அலசி அப்படியே நிரப்பி, வால்வை மூடினால் போதும். எந்தப் பருவத்தில் மூடினாலும் ஏசி பிரேக்கரை இறக்கி, அதன்மேல் ‘வால்வு மூடியிருக்கிறது’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப் சில நிமிடத்திலேயே தேய்ந்துபோகும்.