வேண்டாத ரேடியேட்டர்: மூடி வைப்பதா, கழற்றுவதா, குழாயோடு எடுப்பதா?

பாய்லரிலிருந்து குழாய் வழியே வரும் சுடுநீரால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் வேண்டாம் என்றானதும் மூன்று வழிகள் இருக்கின்றன. தண்ணீர் வரும் முனையிலும் திரும்பும் முனையிலும் உள்ள இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு அதை அப்படியே விட்டுவைப்பது முதல் வழி. செலவில்லை, பெரிய ஆபத்தில்லை, ஆனால் சுவரில் இடம் மிஞ்சாது. முடிவெடுக்கத் தயங்குபவர்களுக்கு இதுவே போதும்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இரண்டாம் வழி: ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு வால்வுகளை மட்டும் விட்டுவைப்பது. பாய்லரின் தண்ணீரை வடிக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் கவர்ச்சி. நட்டைத் தளர்த்தியதும் வடியும் தண்ணீர் பெரும்பாலும் மை போலக் கறுத்திருக்கும். இரும்பு அரித்து உண்டான வண்டல் அது. கம்பளத்தில் பட்டால் கறை போகாது. தட்டும் பழைய துணிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இந்த வழியில் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வெப்பநிலைக்கேற்பத் தானே இயங்கும் வால்வைக் கடைசிவரை திருகிவிட்டால் அடைபட்டுவிட்டதாகத் தோன்றும். ஆனால் உறைபனிப் பாதுகாப்புள்ள வால்வு, அறையின் வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் தானாகத் திறந்துகொள்ளும். எதிரே ரேடியேட்டர் இல்லையென்றால் தண்ணீர் தரையில்தான் கொட்டும். அதனால் அந்த வால்வின் தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு, உள்ளிருக்கும் ஊசியை அழுத்திப் பிடிக்கும் மூடியைத் திருக வேண்டும். இரண்டு வால்வுகளின் வாயிலும் பித்தளை அடைப்பானும் போட வேண்டும். சுவருக்கு வண்ணம் பூசும் சில நாட்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆண்டுக்கணக்கில் இப்படியே விடுவதை நான் ஏற்கமாட்டேன். ஓட்டமற்ற குழாய்களில் வண்டல் தங்கும். சூடில்லாத அறையில் அந்தத் தண்ணீர் உறையவும் கூடும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிவதால் குழாயே வெடிக்கலாம்.

நிரந்தரமாக எடுப்பதென்றால் மூன்றாம் வழிதான்: தண்ணீரை வடித்து, கிளைக் குழாய்கள் பிரதானக் குழாயிலிருந்து பிரியும் இடத்துக்கு அருகிலேயே வெட்டி அடைப்பது. தரைப்பலகையைத் தூக்க நேரலாம். மீண்டும் நிரப்பும்போது உலோக அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் சேர்த்து, காற்றை வெளியேற்றி, மேலே திறந்த தொட்டி இல்லாத மூடிய அமைப்பானால் குளிர்ந்த நிலையில் அழுத்தத்தை 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை கொண்டுவர வேண்டும். வேலை அதிகம்தான், ஆனால் சுவருக்குப் பின்னால் எதுவும் மிச்சமில்லை.

வெட்டுவதற்கு முன் குழாய் அமைப்பைப் பார்த்துவிடுங்கள். வரும் குழாயும் திரும்பும் குழாயும் தனித்தனியாக ஓடும் வீட்டில் இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைக்கவே கூடாது; சுடுநீர் அந்தக் குறுக்குவழியில் ஓட, மற்ற அறைகள் குளிர்ந்துபோகும். ஒரு ரேடியேட்டரைக் கடந்தே அடுத்ததற்குத் தண்ணீர் போகும் தொடரமைப்பில் இணைக்காவிட்டால் ஓட்டமே நின்றுவிடும். தானியங்கி வால்வு இல்லாத ஒரே ரேடியேட்டரைத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் பிளம்பரைக் கேளுங்கள்: மற்றவை மூடிக்கொள்ளும்போது பம்பு தள்ளும் தண்ணீருக்கு வழிவிட்டு நிற்பது அதுவாக இருக்கலாம். அப்படியானால், அழுத்தம் ஏறும்போது தண்ணீருக்கு வேறு வழி திறந்துவிடும் தானியங்கி மாற்றுவழி வால்வைப் பொருத்திய பிறகே அதில் கைவைக்க வேண்டும்.