ஸ்காபரோ சமூக மன்றத்தில் ஐந்து நிமிடம்

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், 18 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் என் கண் முதலில் கோவையை, ஆவணக் கோப்பைத்தான் தேடும். ரொறன்ரோ நகரசபையின் உள்ளூர்க் குழுவான ஸ்காபரோ சமூக மன்றத்தின் கூட்டமொன்றில் பொதுமகனாகப் போய்ப் பேசிவிட்டு வந்ததை அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன். உணவகத்துக்கும் முடிதிருத்தும் கடைக்கும் விமர்சனம் எழுதுகிறோம்; நாம் வரி கட்டி வாங்கும் இந்தச் சேவைக்கு எழுதினால் என்ன குறைந்துவிடும்?

விடயம் சிறியது. எங்கள் வீதியில் ஒரு சந்தி. குறுக்கு வீதியில் மட்டும் நிறுத்தல் பலகை உண்டு. நேர்வீதியில் வாகனங்கள் நிற்காமல் போகும். நான்கு பக்கமும் பலகை வேண்டுமென்று அயலவர்கள் கேட்டிருந்தோம். அதிகாரிகளின் அறிக்கை, வாகன எண்ணிக்கை விதித்த அளவுக்கு வரவில்லை, ஆகவே தேவையில்லை என்றது. அறிக்கையில் பிழை இல்லை. எண்ணிய நேரம், எண்ணிய தொகை எல்லாம் ஒழுங்காக இருந்தன. எங்களை எண்ணுவதற்கு மட்டும் அதில் ஒரு நிரல் இருக்கவில்லை.

இந்த மன்றத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். ரொறன்ரோவில் நான்கு சமூக மன்றங்கள் இயங்குகின்றன. ஸ்காபரோ மன்றத்தில் ஆறு நகரசபை உறுப்பினர்கள், வட்டாரத்துக்கு ஒருவராக. முன்பு பத்துப் பேர் இருந்தார்கள். 2018இல் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே மாகாண அரசு சட்டம் கொண்டுவந்து, 47 ஆக இருக்கவேண்டிய நகரசபையை 25 ஆக வெட்டியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசு வென்றது. அதனால் இன்று ஒவ்வொரு உறுப்பினரின் தலையிலும் ஏறக்குறைய பழைய இரண்டு பேரின் வேலை. நிகழ்ச்சி நிரலின் நீளத்தைப் பார்த்தாலே அது விளங்கும்.

பதிவு செய்வது மிக இலகு. நகர எழுத்தர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் பெயரையும் விடய இலக்கத்தையும் அனுப்பினால் போதும். நேரில் வரலாம், வீட்டிலிருந்து காணொளி வழியாகவும் பேசலாம். கச்சேரியில் ஒரு மனுவைக் கையளிக்க மூன்று மேசை ஏறி இறங்கியவர்களைக் கண்டவன் என்பதால், இதற்கு முழுப் புள்ளியும் கொடுக்கிறேன்.

பேச்சைத் தயாரித்ததில்தான் நான் சறுக்கினேன். ஊரில் பேசிய பழக்கத்தில், தலைவருக்கு வணக்கம், சபைக்கு வணக்கம், கனடா தேசத்துக்கு நன்றி என்று எழுதிக்கொண்டு போனேன். பேத்தி கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தாள். ஒன்பது நிமிடம். தருவதோ ஐந்து. "தாத்தா, நீங்கள் இன்னும் சந்திக்கே வந்து சேரவில்லை" என்றாள். வணக்கங்களை எல்லாம் வெட்டியெறிந்து நாலரை நிமிடத்துக்குக் கொண்டுவந்தோம்.

கூட்டம் காலை ஒன்பதரைக்கு, வேலை நாளில். ஓய்வு பெற்றவனுக்கு வசதியான நேரம்தான். ஆனால் அந்தச் சந்தியில் அதிகம் அல்லற்படுகிற, தொழிற்சாலைக்குப் போகும் தாய்மார் யாரும் வரமுடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

ஸ்காபரோ நகர மண்டபம் 1973இல் திறக்கப்பட்டது. றேமண்ட் மொரியாமா வடிவமைத்தது. 1998இல் ரொறன்ரோவுடன் இணைக்கப்படும்வரை ஸ்காபரோ தனி நகரம், இந்த மண்டபத்தில்தான் அதன் சபை கூடியது. இன்று அங்கே ஆறு பேர் அமர்ந்திருக்க, மிச்ச இடம் கொஞ்சம் வெறிச்சென்று தெரிகிறது.

முதல் பத்து நிமிடத்தைக் கவனியாதவர்கள் குழம்பிப்போவார்கள். தலைவர் நிகழ்ச்சி நிரலை வரிசையாக வாசிக்கிறார். யாராவது பேசப் பதிந்திருந்தால், அல்லது உறுப்பினர் ஒருவர் கேட்டால், அந்த விடயம் பிறகு தனியே பேசுவதற்காக நிறுத்திவைக்கப்படும். மற்றவை விறுவிறென்று நிறைவேறிவிடும். எனக்கு அருகில் இருந்த பெண்மணி, "இப்போது என்ன நடந்தது?" என்று கேட்டார். "ஒரு வேலி, இரண்டு வாகனத் தரிப்பிடம்" என்றேன். ஆகவே ஒரு விடயம் உங்களுக்கு முக்கியமென்றால் பெயரைப் பதியுங்கள். பதிந்த பெயர்தான் அதைப் பிடித்து நிறுத்தும்.

எங்கள் முறை வந்தது. மூன்று பேர் பேசினோம். நாலரை நிமிடத்தில் வாகன வேகம், பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், எவர் முகத்திலும் ஒரு அசைவும் இல்லை. இறங்கப்போனபோது ஓர் உறுப்பினர் கேட்டார்: "கிட்டத்தில் சமிக்ஞை விளக்கு இருக்கிறதே, அதுவரை நடந்தால் என்ன?"

"412 அடி எடுத்து வைக்கவேண்டும். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் பழுது. பனிக்காலத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானே எண்ணிப் பார்த்தேன்" என்றேன்.

அப்போதுதான் இரண்டு பேர் பேனாவை எடுத்தார்கள்.

ஐந்து நிமிடப் பேச்சு நுழைவுச் சீட்டு மாதிரி. அதன் பின்னால் வரும் கேள்விக்காகத்தான் போகவேண்டும். கேள்வி வந்தால் உங்கள் நேரம் நீள்கிறது; கேட்டவர் பதிலைக் கவனித்தே ஆகவேண்டும். எனவே எல்லாவற்றையும் பேச்சிலே கொட்டிவிடாமல், யாரையாவது கேட்கத் தூண்டும் ஓர் இடைவெளியை விட்டுவையுங்கள். நான் தெரிந்து விட்டதல்ல. பேத்தி வெட்டியதில் தானாக விழுந்த இடைவெளி.

பிறகு அதிகாரிகளிடம் கேள்வி, அதன்பின் உறுப்பினர்களின் பேச்சு, பிரேரணை, வாக்கெடுப்பு. எங்கள் வட்டார உறுப்பினர் அறிக்கையின் பரிந்துரைக்குத் திருத்தம் கொண்டுவந்தார். ஆறு பேர் உள்ள மன்றத்தில் மூன்றுக்கு மூன்று வந்தால் பிரேரணை தோற்றதாகக் கணக்கு. கைகள் உயர்ந்தன, திருத்தம் வென்றது. மனைவிக்குத் தொலைபேசியில் சொல்ல வெளியே ஓடினேன்.

ஓடியிருக்கக் கூடாது. உள்ளூர்ப் போக்குவரத்து விடயங்களில் இந்த மன்றமே இறுதி முடிவு எடுக்கலாம். ஆனால் நகரப் பஸ் ஓடும் வீதி என்றால் முழு நகரசபையும் அங்கீகரிக்க வேண்டும். எங்கள் வீதியில் பஸ் ஓடுகிறது. முழு நகரசபையில் பொதுமக்கள் பேசமுடியாது. குழுவில் பேசியதுதான் முதலும் கடைசியும்.

சரி, பேசியது கோவையில் இருக்குமே என்று கூட்டறிக்கையை இணையத்தில் திறந்தேன். பிரேரணை, முடிவு, இணைத்த கடிதங்கள் எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. பேசியோர் பட்டியலில் தகப்பன் பெயரோடு என் நீண்ட பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் நின்றது. இந்த நாட்டில் எனக்கு அது அபூர்வம். ஆனால் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. என்ன சொன்னேன் என்பதற்கு அரை வரிகூடக் கிடையாது. காணொளி யூரியூப்பில் இருக்கிறது, உண்மைதான். மணிக்கணக்கான அந்தக் காணொளியில் என் 412ஐத் தேடிக் கண்டுபிடிக்கும் உறுப்பினர் யார்? எனக்கு எழுத்துவேலை பழக்கிய பெரியவர் இப்படியொரு அறிக்கையை என் முகத்துக்கு எறிந்திருப்பார்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. ஐந்து நிமிடம் உறுதியான சொத்தும் அல்ல; பேசுவோர் தொகை கூடினால் குழு அதைக் குறைக்கலாம். 2011 ஜூலை 28 காலை தொடங்கிய நகரசபையின் நிர்வாகக் குழுக் கூட்டம் செலவுக் குறைப்புத் திட்டத்துக்காக விடிய விடிய நடந்து, மறுநாள் காலையில்தான் முடிந்தது. நள்ளிரவு தாண்டி ஒரு பள்ளி மாணவி நூலகங்களுக்காகக் கண்ணீரோடு பேசினாள். அதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். கூட்டறிக்கைக்கு அவளும் ஒரு பெயர்தான்.

என் மதிப்பெண்: பதிவுக்கு ஐந்து, மரியாதைக்கு ஐந்து, நேரத்துக்கு இரண்டு, கூட்டறிக்கைக்கு மூன்றரை. போகிறவர்கள் ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டுபோங்கள், மண்டபம் குளிர். பேசுவதோடு நில்லாமல் கடிதமும் எழுதுங்கள். அது விடயத்தோடு சேர்ந்து சபை வரை போகும்.

நானும் எழுதினேன். முழு நகரசபை கூடுமுன், வணக்கங்கள் இல்லாமல், ஏழு வரியில். மூன்றாம் வரியில் 412. கூட்ட நாளன்று வீட்டிலிருந்து பார்த்தேன். எவரும் நிறுத்திவைக்காத விடயங்களோடு எங்கள் சந்தியும் ஒரே மூச்சில் நிறைவேறியது. அதன் பெயரை யாரும் வாயால்கூடச் சொல்லவில்லை. கடிதம் மட்டும் இணைப்புப் பட்டியலில், திகதியோடு, அதற்குரிய இடத்தில் இருந்தது.