நிகோட்டின் சூயிங்கம்: மெல்லத் தெரியாமல் வீணாக்கிய மூன்று அட்டைகள்

இதை எழுதக் காரணம், சிகரெட்டை விடுவதற்காக மெல்லும் இந்தக் கம்மை வாங்கி இரண்டு நாள் மென்றுவிட்டு "சுத்த ஏமாத்து வேலை" என்று தூக்கிப் போட்ட என் நண்பர்கள் இரண்டு பேர். முதல் வாரம் நானும் அதையேதான் சொன்னேன். 19 வருஷமாக நாளைக்கு 12 சிகரெட், வேலை நெருக்கினால் 15. கடைசி சிகரெட்டை அணைத்து இப்போது நாலு மாதம் ஆகிறது, அதனால் கொஞ்சம் பேசலாம்.

மெடிக்கலில் கேட்டால் 2 மில்லிகிராம் அட்டையை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார்கள், அதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. பத்து கம் உள்ள அட்டை எனக்கு நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. எப்படிப் போட்டுக்கொள்வது என்று கடையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சூயிங்கம்தானே என்று வாயில் போட்டுச் சவக் சவக்கென்று மென்றேன். இரண்டே நிமிஷத்தில் மிளகை முழுங்கியது மாதிரி தொண்டையில் காந்தல், அப்புறம் விக்கல், அதற்கப்புறம் மத்தியானம் வரைக்கும் நெஞ்செரிச்சல். சிகரெட் ஆசை மட்டும் இம்மியும் குறையவில்லை. மூன்று அட்டை இப்படியே போனது.

விஷயம் என்னவென்றால், இது பேருக்குத்தான் சூயிங்கம். உள்ளே இருக்கும் நிகோட்டின் கன்னத்தின் உட்பக்கத் தோல் வழியாக ரத்தத்தில் இறங்க வேண்டும், விடாமல் மென்றால் எல்லாம் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலையும் எரிச்சலையும்தான் கொடுக்கும். மெதுவாகச் சில முறை மென்று, நாக்கில் சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நம் ஆச்சிகள் வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்கிக்கொள்வார்களே, அதே மாதிரி. காரம் அடங்கியதும் மறுபடி கொஞ்சம் மென்று, இடம் மாற்றி ஒதுக்க வேண்டும். ஒரு கம் சுமார் அரை மணி நேரம் வரும்.

இன்னொன்று, நம் ஊரில் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் டீக்கடை. கம்மைப் போடுவதற்கு 15 நிமிஷம் முன்னாலிருந்து, வாயில் இருக்கும் வரைக்கும், தண்ணீர் தவிர எதுவும் கூடாது. காபி, ஜூஸ், கோலா மாதிரி புளிப்புத் தன்மை உள்ளதைக் குடித்தால் நிகோட்டின் சரியாக உள்ளே போகாது. எனக்கோ டீயும் தம்மும் ஒட்டிப் பிறந்தவை, சிகரெட்டுக்குப் பதிலாக டீயோடு கம்மைப் போட்டதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணில் பேசிய ஒரு பெண். அந்த எண் 2018லிருந்து சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகி வருகிறது. ஆனால் நான் பாதி நாள் உதிரியாகத்தான் வாங்குவேன், உதிரியாக வாங்குகிறவன் கண்ணில் எச்சரிக்கைப் படமும் படாது, நம்பரும் படாது. தமிழிலேயே பேசினார்கள், உபதேசம் எதுவும் இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" பல் விளக்குவதற்கு முன்னாலேயே என்றேன். எழுந்த அரை மணி நேரத்துக்குள் சிகரெட் தேவைப்படுகிற ஆளுக்கு 2 மில்லிகிராம் பத்தாதாம், 4 வேண்டும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். போய் வாங்கினேன். அதிலிருந்துதான் வண்டி நகர்ந்தது.

சிகரெட்டை இழுத்தால் நிகோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும், கம்மில் அது மெதுவாகத்தான் ஏறும். அதனால் ஆசை வந்து கை நடுங்கும்போது போட்டால் லேட். முதல் ஆறு வாரம் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரத்தைப் பார்த்துப் போட்டேன். அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 12 வாரத்தில் நிறுத்தினேன். முதல் மூன்று நாள் நரகம், அதை எந்தக் கம்மும் மாற்றாது. இரண்டாவது வாரம் இருமல் குறைவதற்குப் பதில் கூடியதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். மூச்சுக்குழாயில் முடங்கிக் கிடந்த நுண்மயிர்கள் திரும்ப வேலை செய்து சளியைத் தள்ளும்போது அப்படித்தான் இருக்குமாம், மூன்று வாரத்தில் அடங்கியது.

"இதுவும் நிகோட்டின்தானே, என்ன பிரயோஜனம்?" என்று ஆபீஸில் ஒருவர் விடாமல் கேட்டார். நிகோட்டின் அடிமையாக்குகிறது, சரிதான். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. அதில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள், குறைந்தது 70 புற்றுநோய் உண்டாக்குபவை. தாரும் கார்பன் மோனாக்சைடும் கம்மில் கிடையாது.

அதற்காக எல்லோருக்கும் ஆகும் என்று சொல்ல மாட்டேன். என் சித்தப்பா பீடி பிடிப்பவர். நாற்பது வயதில் கால் விரல் நுனி கறுத்தது, ராத்திரியெல்லாம் வலியில் தூங்கமாட்டார். பர்ஜர் நோய் என்றார்கள். கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் வீங்கி, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிற நோய் அது, வருவது அநேகமாகப் புகையிலைக்காரர்களுக்குத்தான். புகையிலை என்றால் நுரையீரல், வாய் என்றுதானே நினைக்கிறோம், அவருக்குப் போனது இரண்டு விரல். நாளைக்கு ஒரு பீடி என்று குறைத்துக்கொண்டாலும் அந்த நோய் விடாது, அடியோடு நிறுத்த வேண்டும். நிகோட்டின் கம்கூட அதைக் கிளறிவிடலாம் என்பதால் அவருக்கு டாக்டர் கம்மே வேண்டாம் என்றுவிட்டார். கர்ப்பிணிகளும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

குறை என்று பார்த்தால், தாடை வலிக்கும். பல் செட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். சாதா ருசி வாயில் வைக்க முடியாது, மின்ட் வாங்குங்கள். அட்டையின் பின்பக்கத் தாளைக் கிழிப்பதற்குள் பொறுமை போய்விடும். செலவு, நாளைக்குப் பத்து கம் போட்டபோதும் சிகரெட் கணக்கில் பாதிதான்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒரு மார்க்கைக் குறைத்தது, மென்று முடிக்கும் முறையை உள்ளே பொடி எழுத்தில் ஒளித்து வைத்ததற்காக. மென்ற கம்மைத் தாளில் சுற்றிப் போடுங்கள், அதில் மிச்சம் நிகோட்டின் இருக்கும், வீட்டில் குழந்தை இருந்தால் எடுத்து வாயில் போட்டுவிடும்.