ஃபோர்டு ஸ்பானரா, விட்வொர்த் ஸ்பானரா? சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

பழைய கார்களோடு வந்த ஸ்பானர்களைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி, அமெரிக்க ஃபோர்டு பக்கம் போவதா, இங்கிலாந்து விட்வொர்த் பக்கம் போவதா என்பதுதான். விட்வொர்த் என்பது கார் கம்பெனி இல்லை, பழைய பிரிட்டிஷ் போல்ட், மரை அளவுமுறை. என்னிடம் இரண்டும் இருக்கின்றன. என் ஓட்டு விட்வொர்த்துக்கு. ஆனால் அடையாளம் கண்டுபிடிக்கச் சுலபமானது எது என்று கேட்டால் ஃபோர்டைத்தான் சொல்வேன்.

சாய்வான கையெழுத்து மாதிரி இருக்கும் அந்த ஃபோர்டு பெயர், துருவுக்கு அடியிலும் தெரியும். 1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் வெளிவந்தன, கூடவே கருவிகளும் போயின, அதனால் அமெரிக்காவில் இன்றைக்கும் அவை அரிதான பொருள் இல்லை. சிக்கல் எண்ணில்தான். 'டி-1917' என்று பொறித்த ஸ்பானரைப் பார்த்ததும் 1917இல் செய்தது என்று நினைத்துவிடுவோம், நானும் நினைத்தேன், அது வெறும் பார்ட் நம்பர். அடுத்த காரான மாடல் ஏ வந்தபோது கருவிகளுக்கு 17 ஆயிரம் வரிசையில் எண் கொடுத்து முன்னால் 'ஏ' போட்டார்கள். '01ஏ' என்று தொடங்கினால் 1940ஆம் ஆண்டு மாடலுக்காக வந்த எண். ஆனால் அதே எண்ணில் பின்னாலும் செய்திருக்கலாம் என்பதால் ஆண்டை அடித்துச் சொல்ல முடியாது. ஃபோர்டு பெயர் இருப்பதால் ஃபோர்டே அடித்த ஸ்பானர் என்றும் சொல்ல முடியாது, வெளிப் பட்டறைகளிடமும் நிறைய வாங்கினார்கள். அந்தக் காலத்து அமெரிக்க ஸ்பானர்களில் முக்கோணத்துக்குள் 'பி' இருந்தால் பில்லிங்ஸ், சாய்சதுரத்துக்குள் 'டபிள்யூ' இருந்தால் வில்லியம்ஸ்.

விட்வொர்த் முதலில் குழப்பும், அப்புறம் விடவே விடாது. நமக்குப் பழக்கமான ஸ்பானரில் இருக்கும் எண் வாயின் அகலம். இதில் இருப்பதோ போல்ட்டின் விட்டம். '1/4 டபிள்யூ' என்று எழுதிய ஸ்பானரின் வாயை அளந்தால் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர் சொச்சம் வரும். 1908இல் வந்த பிஎஸ்எஃப் என்ற நெருக்கமான மரை போல்ட்டுகளுக்குத் தலை ஒரு சைஸ் சிறியது, அதனால் அதே வாய்க்கு '5/16 பிஎஸ்' என்று இன்னொரு பெயர். இரண்டாம் உலகப் போரில் இரும்பை மிச்சம் பிடிக்க விட்வொர்த் போல்ட்டின் தலையையும் பிஎஸ்எஃப் அளவுக்குக் குறைத்தார்கள், அப்படியே நிலைத்தும் விட்டது. ஆக ஒரே போல்ட், போருக்கு முந்தையது என்றால் ஒரு ஸ்பானர், பிந்தையது என்றால் ஒரு சைஸ் சின்ன ஸ்பானர். இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு வந்த சந்தோஷம் எந்த ஃபோர்டு ஸ்பானரும் தரவில்லை. தயாரிப்பாளர் முத்திரையும் இவற்றில் தெளிவு. பர்மிங்காம் கிங் டிக் என்றால் புல்டாக் நாய்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1955இல் தொடங்கித் திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகளில் பிரிட்டிஷ் மரைதான். பழைய புல்லட் வைத்திருப்பவருக்கு 13ஆம் நம்பர் மில்லிமீட்டர் ஸ்பானர் நட்டில் ஏறாது, 14 போட்டுத் திருகினால் முனை மழுங்கும் என்பது தெரிந்த கதை. புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் நல்ல விட்வொர்த் ஸ்பானர் கிடைத்தால் சேகரிப்புக்கும் ஆச்சு, வண்டிக்கும் ஆச்சு. ஃபோர்டு வாங்கினால் அது பெரும்பாலும் சுவரில்தான் தொங்கும்.

ஸ்னாப்-ஆன் என்ற அமெரிக்கக் கருவி கம்பெனியின் ஸ்பானர்களையும் சிலர் கேட்பார்கள். தயாரித்த ஆண்டுக்கு ஒரு சின்னக் குறி போடுவார்கள் என்பதால் காலம் கணிக்க அதைவிட வசதியானது இல்லை. ஆனால் அது மெக்கானிக் காசு கொடுத்து வாங்கிய கருவி, காரோடு வந்தது இல்லை. எனக்கு வேண்டியது காரோடு வந்தது.

எதை வாங்கினாலும் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். அடித்துச் செய்த ஸ்பானரில் பிசிறு வெட்டிய அகலமான கோடு தெரியும். வார்ப்பில் மணல் மாதிரிச் சொரசொரப்பும் மெல்லிய கோடும் இருக்கும். ஃபோர்டு பெயர் போட்ட நகல்களும் உலவுகின்றன. கடைக்காரர் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று வயர் வீலில் வைக்கப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், முதலில் தேய்வது எழுத்துதான். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலே எழுத்து வெளியே வந்துவிடும். வெர்னியர் அளவுகோல் வைத்து வாயை அளக்கும் வேலையை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.