சார்ஜர் பின் உள்ளே போனால் மட்டும் போதுமா? வீட்டில் கிடக்கும் லேப்டாப் சார்ஜர்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பாண்டிச்சேரியில் படிக்கும் அக்கா மகள் விடுமுறைக்குக் கடலூர் வந்த அன்றே அவளுடைய டெல் லேப்டாப் சார்ஜர் உயிரை விட்டது. சுருட்டிச் சுருட்டிப் பைக்குள் திணித்ததில் பின்னை ஒட்டி வயர் நைந்துவிட்டது. "மாமா, திங்கக்கிழமை ப்ராஜெக்ட் அனுப்பணும். உங்க சார்ஜரைப் போட்டா ஆகாதா?" என்றாள்.

என்னுடையது எச்பி, நீலப் பின். டெல்லின் சின்னப் பின்னும் இதுவும் ஒரே அளவு, 4.5 மில்லிமீட்டர். சொருகினோம், கச்சிதமாக உட்கார்ந்தது. லேப்டாப்பும் ஓடியது. ஆனால் அடாப்டர் எந்த வகை என்று தெரியவில்லை என்ற அறிவிப்பு திரையில் வந்தது. பேட்டரி ஒரு சதவீதம்கூட ஏறவில்லை.

காரணம் பின்னின் நடுவில் இருக்கும் ஊசி. கரண்ட் அதன் வழியாக வருவதில்லை, தகவல்தான் வருகிறது. டெல் சார்ஜருக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப், தான் எத்தனை வாட் என்பதை அந்த ஊசி வழியாக லேப்டாப்புக்குச் சொல்கிறது. பதில் வராவிட்டால் லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பேட்டரியை ஏற்றாமல் விட்டுவிடும். லெனோவோவின் செவ்வகப் பின்னிலும் நடு ஊசிக்கு இதே வேலைதான், அங்கே சிப்புக்குப் பதில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை).

அடுத்து இரண்டு சார்ஜர்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி லேபிளைப் படித்தோம். அவளுடையது 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். பெருக்கினால் 65 வாட். என்னுடையதும் 19.5 வோல்ட்தான், ஆனால் 2.31 ஆம்பியர், 45 வாட். அவளுக்கு வேண்டியதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஊசி ஒத்துப்போயிருந்தாலும் இது திணறியிருக்கும்.

இந்த இரண்டு எண்களையும் மாடித் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளலாம். வோல்ட் என்பது தொட்டியின் உயரம், அது ஒத்துப்போக வேண்டும். லேபிளில் இருக்கும் ஆம்பியர் என்பது தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பின் அகலம். பைப் எவ்வளவு அகலமாக இருந்தாலும் குழாயைத் திறந்த அளவுதான் தண்ணீர் வரும். அதனால் 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு அதே வோல்ட்டில் 90 வாட் தாராளமாகப் போடலாம். 45 போட்டால்தான் சார்ஜர் சூடாகித் தவிக்கும்.

அலுவலகத்தில் ஒரு பழைய டெல் சார்ஜர் கிடந்தது: 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர், 90 வாட். பின் மட்டும் பெரியது, 7.4 மில்லிமீட்டர். அதைச் சின்னப் பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றை லாரன்ஸ் ரோட்டில் வாங்கினேன். வாங்கும்போது ஒரு முனையில் நடு ஊசியும் மறுமுனையில் அந்த ஊசி நுழையும் துளையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போட்டதும் பேட்டரி ஏறத் தொடங்கியது. எனவே என் முதல் தேர்வு இதுதான்: அதே கம்பெனி, அதே வோல்ட், கூடுதல் வாட். மாடல் வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

டைப்-சி பக்கம் கதை வேறு. சார்ஜரும் லேப்டாப்பும் பேசி 5, 9, 15, 20 வோல்ட்டில் ஒன்றை முடிவு செய்துகொள்கின்றன, அதனால் கம்பெனி பேதம் பெரும்பாலும் இல்லை. என்னைக் கேட்டால் இனி வாங்கும் லேப்டாப்பில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் டைப்-சி துளை இருந்தாலே சார்ஜ் ஏறும் என்று நம்ப வேண்டாம், சில லேப்டாப்களில் அது டேட்டாவுக்கு மட்டும். இவளுடையது அந்த ரகம். 20 வாட் மொபைல் சார்ஜரும் இங்கே உதவாது. கேபிளுக்கும் எல்லை உண்டு: சாதாரணக் கேபிளில் 60 வாட் வரைதான், அதற்கு மேல் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

பல முனைகளோடு வரும் யூனிவர்சல் சார்ஜரை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையால் வோல்ட் மாற்றும் வகையில் ஒருமுறை தவறாக வைத்தால் லேப்டாப்பின் மதர்போர்டே போய்விடலாம்.

சரி, நிரந்தரத்துக்கு ஒரிஜினலா, கடையில் கிடைக்கும் கம்பாட்டிபிளா (வேறு கம்பெனி செய்யும் பொருந்தும் சார்ஜர்)? டெல்லுக்கு ஒரிஜினல்தான் என் பேச்சு, அந்த ஊசியை நினைத்தே சொல்கிறேன். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் கேட்கும் பழைய ஏசர், ஆசுஸ் போன்றவற்றின் உருண்டைப் பின்னில் ஊசித் தொல்லை இல்லை, நல்ல கம்பாட்டிபிள் போதும். ஆனால் ஏசர் பின்னின் உள்துளையும் ஆசுஸின் உள்துளையும் வேறு அளவாக இருக்கும், லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். எதுவானாலும் லேபிளில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று தெரிந்துவிடும்.

எங்கள் வீடு தேவனாம்பட்டினம் பக்கம். உப்புக் காற்றில் பின் பச்சை பூத்துவிடும். பூத்த இடத்தில் தொடர்பு சரியாக இல்லாமல் சூடேறி, முனையே கருகும். மாதம் ஒருமுறை காய்ந்த துணியால் துடைக்கிறேன், சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகுதான்.

அவளுடைய பழைய சார்ஜரைத் தூக்கிப் போடவில்லை. பெட்டி நன்றாகவே இருக்கிறது, பின் வயரை மட்டும் மாற்றினால் போதும். டெல் வயருக்குள் மூன்று கம்பி: இரண்டு கரண்டுக்கு, மெல்லிய மூன்றாவது அந்த ஊசிக்கு. பழுது பார்ப்பவர் இரண்டை மட்டும் ஒட்டிக் கொடுத்தால் பழையபடி அதே அறிவிப்புதான் வரும். கொடுக்கும்போதே "மூணு கம்பியையும் சேர்த்து ஒட்டுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.