ஆர்மடில்லோத் தகடு: நிறத்தை நம்பி வாங்காதீர்கள்

அட்டனில் என் மேசைமேல், எலும்புத் தகடுகளாலான ஓடு போர்த்த அமெரிக்க விலங்கான ஆர்மடில்லோவின் இரண்டு தகடுகள் இருக்கின்றன. இரண்டுமே புளோரிடா ஆற்றில் எடுத்த உயிர்ச்சுவடுகள் என்று சொல்லித்தான் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் எனக்கு விற்றார். ஒன்றுதான் உயிர்ச்சுவடு. மற்றது இன்றும் வாழும் ஒன்பது பட்டை ஆர்மடில்லோவின் தகடு. உயிர்ச்சுவட்டின் விலையையே இரண்டுக்கும் கொடுத்தேன் என்பதுதான் ஆற்றாமை.

நம் நாட்டு அழுங்கின் செதிலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அழுங்குச் செதில் நகத்தைப் போன்ற கெரற்றின். ஆர்மடில்லோவுக்குத் தோலுக்குள்ளேயே எலும்பு வளர்கிறது. அதன்மேல்தான் கெரற்றின் உறை.

நான் ஏமாந்தது நிறத்தில். இரண்டும் ஒரே கரும்பழுப்பு. புளோரிடாவின் பல ஆறுகளில் இலைதழை ஊறிய தண்ணீர் தேயிலைச் சாயம்போலவே ஓடுகிறது. அந்தச் சாயமும் இரும்பும் மங்கனீசும் எலும்பில் ஏறிவிடும். ஒன்பது பட்டை ஆர்மடில்லோ 1920களிலிருந்து அங்கே பெருகிவருவதால், அதன் எலும்புகளும் அதே ஆறுகளில்தான் கிடக்கின்றன. சந்தேகம் தீரச் சோதித்தே பார்த்தேன். டெக்சஸில் மச்சான் சாலையோரம் பொறுக்கி அனுப்பிய வெள்ளைத் தகடு ஒன்றைக் கடும் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டேன். இரண்டு வாரத்தில் தேங்காய்ச் சிரட்டை நிறத்துக்கு வந்துவிட்டது!

சாயம் ஏற்ற முடியாதது அளவு. பனியுகத்தில் வாழ்ந்து அழிந்த டாசிபஸ் பெல்லஸ் என்ற ஆர்மடில்லோ, இன்றைய விலங்கைப்போல ஏறத்தாழ இரு மடங்கு பெரியது. தகட்டின் அறுகோண வடிவமும் மேலுள்ள கோலமும் இரண்டிலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைப் பார்த்துப் பிரிப்பது கடினம். பக்கத்தில் வைத்தால் போதும்: என் உயிர்ச்சுவடு கட்டைவிரல் நகத்தளவு, மற்றது சுண்டுவிரல் நகத்தளவு. அமெரிக்காவில் இன்று வாழும் ஆர்மடில்லோ இனம் ஒன்பது பட்டை ஆர்மடில்லோ ஒன்றே என்பதால், புளோரிடாத் தகடு இவ்வளவு பெரிதாக இருந்தால் உயிர்ச்சுவடு என்று துணியலாம். சிறிய தகட்டில் அந்தத் துணிவு வராது. பெல்லஸின் குட்டிக்கும் சிறிய தகடுதானே இருந்திருக்கும். ஓடு முழுவதும் தகடுகள் ஒரே அளவும் இல்லை.

கண்ணாடிமேல் போட்டால் உயிர்ச்சுவடு பீங்கான்போல ஒலிக்கிறது. புதியது மந்தமாக விழுகிறது. உயிர்ச்சுவட்டின் மயிர்க்கால் குழிகளில் மணல் இறுகியிருக்கிறது, புதியதில் குழிகள் சுத்தமாக இருக்கின்றன. சூடான ஊசியால் தொட்டபோது புதியதில் மயிர் கருகிய வாடை வந்தது. பனியுகம் முடிந்து 11,700 ஆண்டுகள்தான் ஆகின்றன. பழைய எலும்பிலும் இந்த வாடையைத் தரும் கொலாஜன் என்ற புரதம் கொஞ்சம் எஞ்சியிருக்கலாம் என்பதால் இதை முடிவான சாட்சியாக நான் எடுக்கவில்லை. நான் கையில் எடுத்துப் பார்த்ததே மூன்று தகடுகளைத்தான்.

ஓட்டின் அமைப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டப் புதிய தகடே போதும், விலையும் குறைவு. ஆனால் எனக்கு வேண்டியது அந்தப் பெரிய தகடு. அடுத்த முறை பணம் அனுப்புமுன், பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த படம் கேட்பேன்.