ஹேவ் ஐ பீன் போன்ட்: முடிவோடு நிறுத்தாமல் பட்டியலையும் படியுங்கள்

மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்த இணையதளக் கசிவுகளில் சிக்கியிருக்கிறது என்று ஹேவ் ஐ பீன் போன்ட் தளம் சொல்லிவிடும். ஆஸ்திரேலியரான டிராய் ஹன்ட் 2013 டிசம்பரில் தொடங்கியது. தேடக் காசு கிடையாது. சிக்கியிருக்கிறதா இல்லையா என்று பார்த்ததும் பலர் மூடிவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு கசிவோடும் என்னென்ன விவரம் வெளியே போனது என்றொரு பட்டியல் இருக்கிறதே, இந்தச் சேவையின் உயிரே அதுதான்.

இணைய மளிகைக் கடையான பிக்பாஸ்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் 2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் விவரங்கள் போயின: பெயர், ஃபோன் நம்பர், வீட்டு முகவரி, பிறந்த தேதி, ஐபி முகவரி, ஹேஷ் செய்த (அதாவது, நேராகத் திருப்பி எடுக்க முடியாத குறியீடாக மாற்றிய) கடவுச்சொல். கடவுச்சொல்லை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பிறந்த தேதியை என்ன செய்வது? பெயரையும் கதவு எண்ணையும் சரியாகச் சொல்லி, "உங்க பார்சல் நிக்குது, ஓடிபி சொல்லுங்க" என்று ஒருவன் கூப்பிட்டால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும். பட்டியலில் ஃபோனும் முகவரியும் சேர்ந்து இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் இதை இன்றே சொல்லி வையுங்கள்.

கடவுச்சொல் என்று போட்டிருந்தால், அது எப்படிச் சேமிக்கப்பட்டிருந்தது என்பதையும் விளக்கத்தில் பாருங்கள். 2013இல் மென்பொருள் நிறுவனமான அடோபியிலிருந்து சுமார் 15.3 கோடி கணக்குகள் கசிந்தன. கடவுச்சொற்களை ஹேஷ் செய்யாமல் ஒரே சாவியால் பூட்டியிருந்தார்கள். ஒரே கடவுச்சொல் வைத்த எல்லோருக்கும் ஒரே குறியீடு வந்துவிட்டது. நினைவூட்டுக் குறிப்புகளோ பூட்டாமலே கிடந்தன. நீங்கள் குறிப்பே எழுதாமல் இருந்திருக்கலாம். அதே குறியீடு உள்ள இன்னொருவர் "ஒன்று முதல் ஆறு வரை" என்று எழுதியிருந்தால் உங்களுடையதும் போச்சு.

சில தளங்களில் கணக்கு இருப்பதே ரகசியம். திருமணமானவர்களுக்கு ரகசிய உறவு தேடித்தரும் ஆஷ்லி மேடிசன் 2015இல் கசிந்தபோது, 19 டாலர் கட்டி "முழுவதும் அழி" என்று கேட்டவர்களின் விவரங்களும் அதில் இருந்தன. பதிவின்போது மின்னஞ்சலைச் சரிபார்க்காத தளம் அது. யார் வேண்டுமானாலும் உங்கள் முகவரியைப் போட்டிருக்கலாம். இப்படிப்பட்ட கசிவுகளைப் பொதுத் தேடலில் காட்டுவதில்லை என்று ஹன்ட் எடுத்த முடிவு மிகச் சரியானது. தளத்தில் உங்கள் மின்னஞ்சலைப் பதிந்து, அதற்கு வரும் இணைப்பைத் திறந்தால்தான் அவை தெரியும். ஆகவே வெறும் தேடலோடு நிற்காதீர்கள்.

இந்தத் தளத்தில் குறை ஒன்றும் உண்டு. மற்ற கசிவுகளை, உங்கள் மின்னஞ்சல் தெரிந்த எவரும் தேடிப் பார்க்கலாம். நீங்கள் எங்கெங்கே கணக்கு வைத்திருந்தீர்கள் என்பது அதிலேயே வெளிப்பட்டுவிடும். பொதுத் தேடலிலிருந்து விலகும் வசதி இருக்கிறது. ஆனால் அதை நீங்களாகத் தேடிப்போய்ச் செய்ய வேண்டும்.

கடவுச்சொல்லைத் தனியாகச் சோதிக்கும் பகுதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கடவுச்சொல் உங்கள் கணினியிலேயே 40 எழுத்து ஹேஷாக மாறும். முதல் 5 எழுத்து மட்டுமே தளத்துக்குப் போகும். அந்த 5 எழுத்தில் தொடங்கும் எல்லா ஹேஷ்களும் திரும்பி வர, உங்களுடையது அதில் இருக்கிறதா என்று உங்கள் பிரவுசரே ஒப்பிடும். ஒருமுறை கசிந்திருந்தாலும் அந்தக் கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் கைவிடுங்கள். ஒரு தளத்தில் கசிந்ததை மற்ற தளங்களில் தானியங்கியாகப் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்களின் முதல் வேலை.

எதுவும் சிக்கவில்லை என்று வந்தால், இவர்கள் கைக்கு வந்த தரவில் நீங்கள் இல்லை என்று மட்டுமே பொருள். இன்னொன்று, ஜிமெயில் முகவரியில் உள்ள புள்ளியைக் கண்டுகொள்ளாது. இந்தத் தளம் கண்டுகொள்ளும். சில இடங்களில் புள்ளி வைத்தும் சில இடங்களில் வைக்காமலும் பதிந்திருந்தால், இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.